முதல் கதிருக்கு முன் பல் மருத்துவர்

அண்மையில் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஐம்பத்தெட்டு வயதான ஒருவர் தம் மனைவியுடன் வந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நாக்கின் ஓரத்தில் தோன்றிய புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும், அதனைத் தொடர்ந்து கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்று நலமடைந்தவர் அவர். ஆறு மாதங்களுக்கு முன், கீழ்த்தாடையில் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் ஒன்றை வீட்டுக்கு அருகில் இருந்த பல் மருத்துவரிடம் பிடுங்கிக்கொண்டார். பல் எளிதாக வந்துவிட்டது, குழிதான் ஆறவில்லை. எங்களிடம் வந்தபோது ஈறு விலகி, பழுப்பேறிய எலும்பு வெளியே தெரிந்தது.

கதிர்வீச்சுப் பெற்றதை அந்தப் பல் மருத்துவரிடம் கூறினீர்களா என்று கேட்டோம். "கரண்ட் வச்சது எப்பவோ முடிஞ்சு போச்சே, ஐயா" என்றார் அவர். அவருடைய மனைவி, "பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எங்ககிட்ட யாரும் சொல்லலையே" என்றார்.

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். சொல்லியிருந்தோம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது கொடுத்த தாளின் கடைசி வரியில், பற்களைப் பேணவும் என்னும் பொருள்பட மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஆங்கிலம் படிக்க அறியாத ஒரு குடும்பத்துக்கு அது சொன்னதாகாது என்பதை அன்று நாங்கள் உணர்ந்தோம். அந்த உணர்வே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். வாய், தொண்டை, கழுத்துப் பகுதிகளில் கதிர்வீச்சுப் பெறவிருக்கும் எவரும், முதல் கதிர் படுவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். அது புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். நேரம் இருந்தால் செய்துகொள்ளலாம் என்று விடத்தக்க செயலாக அதனை மருத்துவமனையும் கருதக் கூடாது. குடும்பமும் கருதக் கூடாது.

கதிர் தாடைக்குள் செய்வது என்ன?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 60 முதல் 70 கிரே வரையிலான கதிரளவு தரப்படுகிறது. அதனை ஒரே நாளில் தருவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள்கள், ஆறு அல்லது ஏழு வாரங்களுக்குப் பகிர்ந்து தருகிறோம். இடையில் கிடைக்கும் ஓய்வில் நலமான திசுக்கள் தம்மைச் சீர்செய்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம். தோலும் வாயின் உட்சவ்வும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. எலும்பின் கதை வேறு.

ஒவ்வொரு பல்லின் வேரும் தாடை எலும்பில் உள்ள ஒரு குழியில் அமர்ந்திருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் இடையே மயிரிழை போன்ற மெல்லிய நார்த்திசு உண்டு. மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தைத் தாங்குவதும், வேரைச் சுற்றிய பகுதிக்கு இரத்தம் கொண்டுவருவதும் இந்த நார்த்திசுவே. கதிர்பட்ட பின் இதிலும் எலும்பிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கி அடைபடுகின்றன. புதிய எலும்பை உருவாக்கும் அணுக்கள் குறைகின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1983-ஆம் ஆண்டில் இந்நிலையை மூன்று குறைகளாகத் தொகுத்துக் கூறினார்: உயிர்வளிக் குறைவு, அணுக்களின் குறைவு, இரத்தக் குழாய்களின் குறைவு. பின்னர் வந்த ஆய்வாளர்கள், திசுக்கள் நாராக இறுகிப்போவதையும் இதனோடு சேர்த்தார்கள்.

இவ்வாறு வலுவிழந்த எலும்பு, தன் போக்கில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அதில் ஒரு புண் ஏற்படும்போதுதான் அதன் வறுமை வெளிப்படுகிறது. பல்லைப் பிடுங்குவதும் எலும்பில் ஏற்படும் புண்ணே. அதனை ஆற்றுவதற்கு வேண்டிய இரத்தம் அங்கே இல்லை. புற்றுநோய் திரும்பி வராத நிலையிலும், எலும்பு வெளியே தெரிந்து மூன்று மாதங்களுக்கு மேல் ஆறாமல் இருந்தால், அதனைக் கதிர்வீச்சால் எலும்பு இறத்தல் என்கிறோம். பிரான்சு நாட்டின் குளோது ரெகோ இதனை 1922-ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். நூறு ஆண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்த ஒன்றை, ஒரு நோயாளி தம் தாடையைக் கொண்டு கண்டறிய நேர்வது எவ்வகையிலும் முறையன்று.

கீழ்த்தாடையே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. மேல்தாடைக்குப் பல வழிகளில் இரத்தம் வருகிறது; கீழ்த்தாடை பெரிதும் ஒரே தமனியை நம்பியிருக்கிறது. அதன் எலும்பும் அடர்த்தியானது. எலும்பு பெற்ற கதிரளவு 60 கிரேயைத் தாண்டும்போது இடர் கூடுகிறது. ஆண்டுகள் கழிவதால் இந்த இடர் நீங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கதிர்வீச்சு முடிந்து பத்தாண்டுகள் கழித்தும் அது தாடையில் இருக்கிறது.

உமிழ்நீர் இல்லாத வாய்

பற்களுக்கு மற்றொரு வழியிலும் கேடு வருகிறது. நலமான ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. உணவை நனைப்பதோடு அது பற்களைக் கழுவுகிறது, அமிலத்தைத் தணிக்கிறது, பல்லிலிருந்து கரைந்த சுண்ணச்சத்தைத் திரும்பத் தருகிறது. காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிருக்கு மிக எளிதில் தளர்பவை. செறிவு மாற்றும் கதிர்வீச்சு முறையில் இச்சுரப்பிகளை ஓரளவு விலக்கிக் காக்க முடிகிறது. 2011-இல் வெளியான பிரிட்டன் நாட்டு ஆய்வு ஒன்று, அம்முறையால் வாய் வறட்சி குறைவதை உறுதிசெய்தது. ஆயினும் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து, எல்லாருக்கும் சுரப்பிகளை முழுமையாகக் காத்துவிட இயல்வதில்லை.

உமிழ்நீர் வற்றிய வாயில் சொத்தை விரைந்து பரவுகிறது. வழக்கமாக மெல்லும் பரப்பில் தொடங்கும் சொத்தை, இங்கே ஈற்றை ஒட்டிய பல்லின் கழுத்தைச் சுற்றி வளைக்கிறது. சில மாதங்களில் பல்லின் மேற்பகுதி முறிந்து வேர் மட்டும் எஞ்சலாம். அந்த வேரை எடுக்கப் போனால், மேலே கூறிய எலும்புச் சிக்கல் காத்திருக்கிறது. ஒரு கேடு மற்றொன்றுக்கு வழிவிடுவது இவ்வாறுதான்.

இங்கே குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். தொண்டை வறள்கிறது என்று நோயாளியின் வாயில் பனங்கற்கண்டு போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் உமிழ்நீர் இல்லாத வாயில் நாள்முழுதும் ஊறும் இனிப்பு, பற்களை வேரோடு அழிக்கும். அதற்கு மாறாகச் சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகச் செய்யுங்கள்.

"உயிரே பெரிது, பல்லா பெரிது?"

பல் மருத்துவரைப் பாருங்கள் என்று நாங்கள் கூறும்போது, பெரும்பாலான குடும்பங்களிலிருந்து வரும் மறுமொழி இதுவே. புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்ட அதிர்ச்சியில் இருப்பவர்களுக்குப் பல் ஒரு பொருட்டாகத் தோன்றாதது இயல்பு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்ற அச்சமும் இன்றும் பலரிடம் இருக்கிறது. பல்லின் வேருக்கும் பார்வை நரம்புக்கும் அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை என்பதை உறுதியாகக் கூறுகிறோம்.

உயிரே பெரிது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. பல் சிகிச்சைக்காகப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஆனால் உயிர் பிழைத்தவர் அதன்பின் உண்ண வேண்டும், பேச வேண்டும். பல் போனால் சொல் போச்சு என்று நம் முன்னோர் கூறினர். தாடை போனால் சோறும் போகும். எலும்பு இறந்த பகுதி பெரிதாகி, தாடை முறிந்து, காலிலிருந்து எலும்பெடுத்துப் பொருத்தும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளானவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். புற்றுநோயை வென்ற ஒருவரை இரண்டாம் முறை அறுவை அரங்குக்கு அனுப்புவது மிகுந்த துயரம் தருவது.

இதில் காலமே முதன்மையானது. காப்பாற்ற இயலாத பல்லைக் கதிர்வீச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன், முடிந்தால் மூன்று வாரங்களுக்கு முன் எடுத்துவிட வேண்டும். அதற்குள் குழி ஆறத் தொடங்கிவிடும். முகத்துக்கு அச்சு எடுக்கும் நாளில் பல் மருத்துவரிடம் அனுப்பினால் அந்த அவகாசம் கிடைக்காது. திசுச் சோதனையின் முடிவு வந்த நாளிலேயே அனுப்ப வேண்டும். அறுவைச் சிகிச்சை முதலில் நடக்குமாயின், எடுக்க வேண்டிய பற்களை அதே மயக்கத்திலேயே எடுத்துவிடலாம். தனிப் பயணமும் தனி வலியும் இல்லை, சிகிச்சையும் தாமதமாவதில்லை.

எல்லாப் பற்களையும் பிடுங்கிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். அவ்வாறு செய்த காலம் ஒன்று இருந்தது, அது கடந்துவிட்டது. இன்று ஆழ்ந்த சொத்தையும் தளர்ந்த வேரும் உள்ள பற்களை மட்டுமே, அதிலும் குறிப்பாக மிகுந்த கதிரளவு படவிருக்கும் பக்கத்தில் உள்ளவற்றையே எடுக்கிறோம். மற்றவற்றை அடைத்தும் சுத்தம் செய்தும் காக்கிறோம்.

குழந்தைகளுக்குக் கதிர்வீச்சுத் தர நேரும்போது வேறொரு கவலையும் உண்டு. அவர்களின் பற்கள் தாடைக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். 10 கிரே அளவே எனாமலை உண்டாக்கும் அணுக்களைக் கெடுக்கக்கூடும். 30 கிரே அளவில் பல்லின் வளர்ச்சியே நின்றுவிடலாம். வேர்கள் குட்டையாகவோ முழுமை பெறாமலோ நின்றுபோன பற்கள் பின்னாளில் எளிதில் தளரும். அக்குழந்தைகளை வளரும் பருவம் முழுவதும் பல் மருத்துவர் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

லேசர் பற்றிய ஐயங்கள்

"லேசரும் கதிர்வீச்சுதானே, அதுவும் எலும்பைக் கெடுக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். லேசர் என்பது ஒளி. புற்றுநோய்க்குத் தரும் கதிர்போல் அது அணுவின் உட்கருவைச் சிதைப்பதில்லை. பல் மருத்துவத்தில் அதனால் கேடு வருமாயின் அது பெரிதும் வெப்பத்தால் வருவது. முயல்களின் எலும்பில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் நடத்தி 1983-இல் வெளியிட்ட சோதனை, 47 பாகை செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் பட்டாலே எலும்புத் திசுவுக்குக் கேடு நேரக்கூடும் என்பதைக் காட்டியது. வேர் சிகிச்சையின்போது வேர்க்குழாயில் லேசரைச் செலுத்தும் மருத்துவர், வேரின் வெளிப்புறம் 10 பாகைக்கு மேல் சூடேறாதபடி காப்பது இதனால்தான். அளவறிந்து பயன்படுத்தினால் வேருக்கும் அதைச் சூழ்ந்த நாருக்கும் தீங்கு நேராது.

கதிர்வீச்சின்போது வரும் கடுமையான வாய்ப்புண்ணுக்குக் குறைந்த ஆற்றல் கொண்ட லேசர் ஒளி உண்மையிலேயே உதவுகிறது. இது திசுவைச் சுடுவதில்லை. பல நாட்டு வல்லுநர்கள் இணைந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாய்ப்புண்ணைத் தடுக்க இதனைப் பரிந்துரைத்துள்ளது. கட்டி இருந்த இடத்தைத் தவிர்த்து, கதிர்வீச்சு மருத்துவரின் ஒப்புதலோடு இதனைத் தர வேண்டும்.

ஆனால், "வலியில்லா லேசர் முறையில் பல் எடுக்கிறோம்" என்னும் விளம்பரங்களைக் கண்டு, கதிர்பட்ட தாடையில் துணிந்து பல்லெடுத்துக்கொள்ள வேண்டாம். கருவி எதுவாயினும் எலும்பில் ஏற்படும் புண் புண்ணே. அதனை ஆற்ற வேண்டிய இரத்தத்தை லேசரால் தர இயலாது.

பற்களுக்கு எடுக்கும் எக்ஸ்ரே படத்துக்கும் சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு பல்லுக்கான சிறு படத்தில் பெறும் கதிரளவு, நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகப் பெறும் அளவை ஒட்டியதே. மறைந்திருக்கும் சொத்தையைக் காண அது தேவை, மறுக்க வேண்டாம்.

சிகிச்சை முடிந்த பின்

நோயாளிகள் நாள்தோறும் செய்ய வேண்டியவை சிலவே. ஆனால் வாழ்நாள் முழுதும் செய்ய வேண்டியவை. மென்மையான தூரிகையால் இருவேளை பல் துலக்குங்கள். கரி, செங்கற்பொடி, சாம்பல் ஆகியவற்றை அறவே விட்டுவிடுங்கள். பல் மருத்துவர் எழுதித் தரும் மிகுந்த ஃபுளோரைடு கொண்ட பற்பசையை நாள்தோறும் பயன்படுத்துங்கள். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பும் ஆப்பச் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளியுங்கள். சாராயச்சத்து உள்ள கொப்பளிப்பு மருந்துகள் வேண்டாம். பல்செட் அணிபவர்கள் அது எங்கேனும் உரசினால் உடனே கழற்றிவிட்டு எங்களிடம் காட்டுங்கள். புகையிலையும் பாக்கும் திரும்ப வீட்டுக்குள் வரலாகாது.

வாயை அகலத் திறக்கும் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் தசைகள் இறுகத் தொடங்கிவிட்டன என்று பொருள். நெடுநாள் பாக்கு மென்றவர்களுக்கு இந்த இறுக்கம் முன்னரே இருக்கக்கூடும். அவர்கள் முதல் வாரத்திலிருந்தே பயிற்சி செய்ய வேண்டும். வாய் திறக்காவிட்டால் பல்லைத் துலக்கவும் இயலாது. எங்களால் பார்க்கவும் இயலாது.

பல்லில் வலி வந்தால் பிடுங்குவது கடைசி வழியாக இருக்கட்டும். பெரும்பாலும் வேர் சிகிச்சை செய்து, மேற்பகுதியைக் குறைத்து, வேரை எலும்பிலேயே விட்டுவைக்க இயலும். எடுத்தே தீர வேண்டுமாயின், கதிர்வீச்சுக் கோப்பைப் பார்த்து, அந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் பட்டது என்பதை அறிந்த பின், அதில் தேர்ந்தவர்களே எடுக்க வேண்டும். அவ்வாறு கவனத்துடன் செய்தால் பெரும்பாலானோருக்குப் புண் ஆறிவிடுகிறது. பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கதிர்பட்ட கீழ்த்தாடையில் பல் அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கே எலும்பு இறத்தல் நேர்ந்தது. அழுத்த உயிர்வளி அறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அதில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, தடுப்புக்காக என்று கூறி அத்தகைய செலவுமிக்க சிகிச்சைக்கு எவரேனும் அழைத்தால், எங்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எங்கள் பக்கத்துக் கடமை

இவ்வளவையும் உங்களிடம் கேட்கும் நாங்கள், எங்கள் கடமையையும் கூற வேண்டும். பல் மருத்துவரின் கையொப்பம் இல்லாமல் முகத்துக்கு அச்சு எடுப்பதில்லை என்ற விதி ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவமனையிலும் வேண்டும் என்பது எங்கள் கருத்து. பல் பிரிவு இல்லாத இடங்களில், அருகில் உள்ள அரசுப் பல் மருத்துவமனையுடன் பேசி, நோயாளிக்கு நாள் வாங்கித் தருவது மருத்துவமனையின் பொறுப்பு. அதனை அலையும் குடும்பத்தின் தலையில் சுமத்துவது தகாது.

வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஓர் அட்டை தரப்பட வேண்டும். எந்தப் பக்கத் தாடைக்குக் கதிர்பட்டது, எத்தனை கிரே, எந்த ஆண்டு, பல்லெடுக்கும் முன் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்னும் நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். அதை ஆதார் அட்டையுடன் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் வேறொரு பல் மருத்துவரின் நாற்காலியில் அமரும்போதும், வாயைத் திறப்பதற்கு முன் அந்த அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும்.

முதலில் குறிப்பிட்டவர் இப்போது எங்கள் சிகிச்சையில் இருக்கிறார். எலும்பின் சிறு துண்டு ஒன்று தானாகவே பிரிந்து வந்தது. ஈறு மெல்ல மூடி வருகிறது. முழுவதும் மூடிவிடும் என்று அவருக்கு நாங்கள் வாக்களிக்கவில்லை. சென்ற முறை வந்தபோது அவர் மனைவி எங்களிடம் ஒரு தாளை நீட்டி, கணவருக்குப் பட்ட கதிரின் விவரத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தோம். இதனைப் படிக்கும் நீங்களும், உங்கள் அடுத்த வருகையின்போது அதனைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் தர மறந்திருந்தால், கேட்பது உங்கள் உரிமை.